இருக்காதாரின் பாசிட்ரான்கள்

“பஸ் இப்பதான் சார் போச்சு” என்றார் நிறுத்தத்தில் நின்றிருந்தவர். “இருக்காது” என்று சொல்லிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார் இவர். பஸ் போய்த்தான் இருந்தது. அடுத்தது வரும்வரை ஆள் அசையவில்லை. வந்ததும் ஏறி, “இது முந்தின வண்டி லேட்டா வருதா, இல்ல அடுத்த வண்டியேவா?” என்று டிரைவரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஜன்னலோரம் போனார். நிறுத்தத்தில் நின்ற மனிதர் பொய் சொல்லிவிட்டார் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. யார் எதைச் சொன்னாலும் இவர் வாயில் முதலில் வருவது அந்த ஒரு சொல்தான்.

அதனால் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு ‘இருக்காதார்’ என்றே பேராகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, சம்பளப் பிரிவிலிருந்து போன் வந்தால்கூட “இருக்காதார் இருக்காரா?” என்றுதான் கேட்கிறார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. மகள் ஒருநாள் தயங்கித் தயங்கி, “அப்பா, நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு நினைக்கிறேன்” என்றபோதும் “இருக்காது” என்றுதான் சொன்னாராம். அந்தப் பெண் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. உள்ளே போய் மாப்பிள்ளையின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். ஆதாரம் கேட்கிற வீட்டில் வளர்ந்த பெண் வேறு என்ன செய்வாள்?

ஆள் ஒல்லி. சட்டை எப்போதும் ஒரு சைஸ் பெரிது. கையில் கடிகாரம் கட்டியிருப்பார். ஆனாலும் எதிரே வருகிறவரை நிறுத்தி மணி கேட்பார். இரண்டும் ஒத்துப்போனால் முகத்தில் ஒரு திருப்தி, நடையில் ஒரு வேகம். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளைத் தேடுவார். கடைக்காரர்களுக்கு இவரைக் கண்டால் கொஞ்சம் பயம். பால் பாக்கெட்டின் தேதியைப் படிப்பதோடு விடமாட்டார். அதன் பக்கத்தில் இருக்கும் பாக்கெட்டின் தேதியையும் படிப்பார்.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளை ஏற்றுவதும் இறக்குவதும், பின்னால் ஹாரன் அடிக்கிற கார்க்காரர்களைத் திட்டுவதும் அவர் பொறுப்பு. சாயங்காலம் வேன் வீட்டு வாசலில் வந்து நின்றதும் இருக்காதார் உள்ளே ஏறுவார். ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து, சீட்டுக்கு அடியிலும் பார்த்து, யாராவது ஒரு குழந்தை தூங்கிப்போய்க் கிடக்கிறதா என்று தேடுவார். தண்ணி பாட்டில் கிடைக்கும், ஒற்றை ஷூ கிடைக்கும், கடித்து வைத்த பென்சில் கிடைக்கும். குழந்தை கிடைத்ததே இல்லை. “நான் எண்ணித்தாங்க இறக்கினேன்” என்று மனைவி சொல்வதையும் நிறுத்திவிட்டார். இவர் இறங்கி வந்து தலையாட்டிய பிறகு வேனைப் பூட்டுவார்.

இந்தச் சந்தேகம்தான் அவருக்குச் சோறு போடுகிறது. பூமியைச் சுற்றிக்கொண்டு வானத்தில் ஒரு கருவி இருக்கிறது. ஓர் அலமாரி அளவு. நடுவில் பெரிய காந்தம். காந்தத்துக்குள் மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காக மெல்லிய சிலிக்கன் தட்டுகள். அடியில் கனத்த ஈயக் கட்டி. விண்வெளியிலிருந்து வரும் துகள் காந்தத்துக்குள் ஒரு பக்கமாக வளைந்தால் எலெக்ட்ரான். எதிர்ப்பக்கம் வளைந்தால் பாசிட்ரான். இரண்டும் இரட்டைப் பிறவிகள், எடையில் இம்மியும் வித்தியாசமில்லை, மின்னூட்டம் மட்டும் நேர் எதிர். தொல்லை என்னவென்றால், புரோட்டானும் பாசிட்ரான் வளைகிற பக்கமே வளையும். ஒரு பாசிட்ரான் வந்து சேர்வதற்குள் ஆயிரக்கணக்கான புரோட்டான்கள் வந்து கொட்டும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு விருந்துக்குள் நுழையப் பார்க்கும் அழையாத விருந்தாளிகள் அவை. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மறித்து “இருக்காது, நீ பாசிட்ரானா இருக்காது” என்று திருப்பி அனுப்புகிறவர் இவர். இந்த வேலைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் இல்லை.

இவ்வளவு சலித்தபிறகும் பாசிட்ரான் மிஞ்சியது. இருக்க வேண்டியதைவிட அதிகமாகவே மிஞ்சியது. இதே கூடுதலை வேறு கருவிகளும் பார்த்திருக்கின்றன. எங்கிருந்து வருகிறது என்பதில்தான் உலகம் முழுக்கச் சண்டை. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழியும்போது பாசிட்ரான் கொட்டுகிறது என்று ஒரு கட்சி. அதெல்லாம் வேண்டாம், பல்சரே போதும் என்று இன்னொரு கட்சி. இருக்காதார் பல்சர் கட்சி.

பல்சர் என்றால், பெரிய நட்சத்திரமொன்று எரிந்து தீர்ந்து வெடித்தபின் மிஞ்சுகிற உருண்டை. அகலம் ஓர் ஊரளவு. எடை சூரியனைவிட அதிகம். அசுர வேகத்தில் சுற்றும். அதன் காந்தப் புலத்தின் கடுமையில் ஒளியே உடைந்து எலெக்ட்ரானும் பாசிட்ரானுமாக ஜோடி ஜோடியாகப் பிறக்கும். “இவ்வளவு சக்தியோட வர்ற பாசிட்ரான் ரொம்ப தூரத்துல இருந்து வர முடியாதுங்க. வழியிலயே தெம்பு போயிடும். பக்கத்துத் தெருவுலதான் யாரோ இருக்காங்க. பக்கத்துத் தெருவுல பல்சர் இருக்கு. அப்புறம் எதுக்கு இல்லாதவனைத் தேடணும்?” என்பார். அவர் வாயில் ‘இருக்கு’ என்ற சொல் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான். அதையும் முழு மனதாகச் சொல்வதில்லை. கடைசியில் “இருக்கலாம்” என்று இறங்கிவிடுவார்.

எதிர்க்கட்சி இவருடைய தலைவிதான். குழுவுக்குத் தலைமை தாங்குகிற அந்த அம்மாள் இவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். கூட்டத்தில் இருவரும் ‘சார்’, ‘மேடம்’. வெளியே வந்தால் வா, போ. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் பழைய சண்டையும் திறந்துகொள்ளும்.

“பாவி மனுஷா, ஒரு தடவையாவது புதுசா ஏதாவது இருந்துட்டுப் போகட்டுமேன்னு ஆசைப்படேன்.”

“மச்சுல சத்தம் கேட்டா எலின்னு சொல்லு. பேய்னு ஏன் சொல்லணும்?”

“எலியப் பாத்தியா நீ?”

“நீ பேயப் பாத்தியா?”

இதற்குமேல் சண்டை நகராது. இருவரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிடுவார்கள்.

இந்தச் சண்டையில் ஒரு பெரிய நகர்வாக அவர்கள் குழு அண்மையில் ஒரு கட்டுரை எழுதியது. யாரும் சரியாகப் பார்த்திராத உச்ச சக்தியில் பாசிட்ரான் கணக்கு என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். கரும்பொருளானால் ஒரு கட்டத்தில் சுவர் இடிந்ததுபோல் சட்டென்று விழ வேண்டும். பல்சர்களானால் மெல்லச் சரிய வேண்டும். இவர்கள் கணக்கில் மெல்லச் சரிந்தது. அதற்காக வழக்கு முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எலியின் பக்கம் காற்று வீசியது. ஆய்வுப் பத்திரிகை ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அடுத்த வாரம் வெளிவர வேண்டும். தலைவி தோற்ற வருத்தத்தை மறைத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த டீயில்தான் வந்தது வினை. கருவியின் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் என்ஜினியர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் ஹீட்டர்காரர் என்பார்கள். சாதுவான மனிதர், ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லமாட்டார். டீயை ஊதிக்கொண்டே, “ரெண்டாவது ஹீட்டருக்கு மாத்தினதுக்கப்புறம் தட்டெல்லாம் கொஞ்சம் ஜில்லுன்னுதான் இருக்கு. பரவாயில்ல, வேலை செய்யுது” என்றார்.

“ஜில்லுன்னா?” என்றார் இருக்காதார்.

“முன்ன இருந்த சூடு இல்ல. குளிர்ந்தா தட்டைத் தாங்குற சட்டம் சுருங்கும். தட்டு நகர்ந்திருக்குமான்னு அப்பவே கேட்டேனே சார். கூட்டத்துல.”

“நான் என்ன சொன்னேன்?”

ஹீட்டர்காரர் டீயைக் கீழே வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்தார். “இருக்காதுன்னு சொன்னீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. ஊரார் சொல்லும் ‘ஆமாம்’ பத்து சேர்ந்தாலும் இருக்காதாரின் ஒரு ‘இருக்காது’க்கு ஈடாகாது என்பது அந்தக் குழுவில் எழுதப்படாத சட்டம். அவர் இல்லையென்று சொன்னால் அலசிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார் என்று நம்பினார்கள். அன்றைக்கு அவர் அலசிப் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது என்றவரிடம் சொல்வதுபோலச் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தார்.

விஷயம் சின்னதல்ல. துகளின் சக்தி கூடக் கூட வளைவு குறையும். உச்ச சக்தியில் தடம் கிட்டத்தட்ட நேர்கோடுதான். தட்டுகள் மயிரிழையில் பாதியளவு பக்கவாட்டில் நகர்ந்தாலும் போதும், நேர்கோடு வளைந்ததுபோல் தெரியும். எலெக்ட்ரான்களில் கொஞ்சம் பாசிட்ரான் கணக்கில் ஏறிவிடும். சட்டென்று விழ வேண்டியது மெல்லச் சரிவதுபோல் காட்டும். வாசலில் நின்று அத்தனை பேரையும் மறித்தவர், வாசற்படியே நகர்ந்துவிட்டதா என்று பார்க்க மறந்துபோனார்.

டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டுத் தலைவியின் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். நடந்ததைச் சொன்னார்.

“அப்ப என் பேயும் இல்ல, உன் எலியும் இல்லையா?” என்றார் தலைவி.

“அந்த உச்ச சக்தியில சத்தமே இல்லாம இருக்கலாம். நம்ம காதுதான் இரைஞ்சிருக்கும்.”

தலைவி எழுந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மெதுவாக, “முதல்ல நாம ரெண்டு பேரும் பாத்துடலாமா? தப்புன்னா அப்புறம் மத்தவங்ககிட்ட சொல்லிக்கலாம்” என்றார். அது கெட்ட எண்ணமில்லை. அவரைக் காப்பாற்றுகிற எண்ணம்.

“வேண்டாம். வழக்கப்படியே செய்வோம்.”

வழக்கம் என்று அவர் சொன்னது அந்தக் குழுவின் கடுமையான பழக்கம் ஒன்றை. ஒரு முடிவின்மேல் சந்தேகம் வந்தால், அதைச் சோதிக்கும் வரைபடத்தை யாரும் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. எது வந்தால் தோல்வி என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் படத்தைத் திறக்க வேண்டும். பார்த்துவிட்டுச் சமாதானம் தேடுகிற புத்தி எல்லா மனிதர்களுக்கும் உண்டு என்பதற்காக இவரே கொண்டுவந்த பழக்கம் அது. இப்போது அவரே அதில் மாட்டிக்கொண்டார்.

கணினி கணக்குப் போட்டு முடிக்கச் சில நாள் பிடித்தது. அந்த நாட்களில் அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மணி கேட்பதை நிறுத்திவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். வேனில் சீட்டுக்கடியில் குனிந்தவர் நிமிர மறந்து அங்கேயே உட்கார்ந்திருந்ததை மனைவி பார்த்தார்.

“என்னங்க, தப்புன்னு ஆயிட்டா வேலை போயிடுமா?”

“போகாது.”

“ஃபைன் கட்டணுமா?”

“சேச்சே.”

“அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?”

அவர் ஒற்றை ஷூவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். “நான் பாத்துட்டேன்னு நம்பி அவங்கெல்லாம் பாக்காம விட்டுட்டாங்கம்மா. நான் பாக்கவே இல்ல.”

மனைவி ஏறி வந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டி சீட்டில் முழங்காலை மடக்கி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “நானும்தான் நீங்க பாப்பீங்கன்னு நம்பி வண்டியப் பூட்டறேன். ஒருநாள் மறந்துட்டீங்கன்னா என்ன செய்வேன்? ஓடி வந்து திறந்து பாப்பேன். நீங்களும் அதைத்தானே செய்யப் போறீங்க. வாங்க, சாப்பாடு ஆறுது” என்றார். அவர் மனது லேசாகிவிடவில்லை. ஆனால் எழுந்து போய்ச் சாப்பிட்டார்.

படத்தைத் திறந்தது ஒரு மத்தியானம். கூட்ட அறையில் நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். ஹீட்டர்காரர் ஏதோ தானே குற்றவாளி என்பதுபோல் கதவுப் பக்கம் ஒதுங்கியிருந்தார். திரையாக இருந்தது வெள்ளைச் சுவர்தான். இருக்காதார் அதன் முன்னால் போய் நின்றார்.

“ஒவ்வொரு துகளோட சக்தியையும் நாம ரெண்டு விதமா அளக்கறோம். காந்தத்துல எவ்வளவு வளையுதுன்னு ஒண்ணு. அடியில ஈயத்துல மோதி எவ்வளவு சிதறுதுன்னு இன்னொண்ணு. தட்டு பக்கவாட்டுல நகர்ந்திருந்தா, வளைவு பொய் சொல்லும், ஈயம் பொய் சொல்லாது. அதுவும் எலெக்ட்ரானுக்கு ஒரு பக்கம் பொய், பாசிட்ரானுக்கு நேர் எதிர்ப்பக்கம் பொய். அதனால ரெண்டு அளவையும் வகுத்து, எலெக்ட்ரானுக்கு ஒரு மேடு, பாசிட்ரானுக்கு ஒரு மேடுன்னு வரைஞ்சிருக்கு. நகரலைன்னா ரெண்டு மேடும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும்.” கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “விலகி நின்னா கட்டுரையத் திரும்ப வாங்கிக்கறோம். காரணம் நான்னு அதுல எழுதறோம்.”

கடைசி வாக்கியத்துக்குத் தலைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, திறக்கச் சொன்னார்.

சுவரில் முதலில் நீலமாக ஒரு மேடு எழும்பியது. எலெக்ட்ரானுடையது. பிறகு சிவப்பு மேடு வந்தது. அது நீலத்தின் மேல் வந்து, ஒரு பக்கமும் சாயாமல், உச்சியோடு உச்சி பொருந்தி உட்கார்ந்தது. சுவரோரம் நின்ற யாரோ “அப்பாடா” என்றதும் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

தட்டுகள் நகரவே இல்லையா என்று ஹீட்டர்காரர் தயங்கிக் கேட்டார். அடுத்த படத்தைப் போட்டார்கள். நகர்ந்திருந்தன. அவர் சந்தேகப்பட்ட அளவுக்கு, ஹீட்டரை மாற்றிய நாளிலிருந்தே நகர்ந்திருந்தன. ஆனால் நகர்ந்தது முன்னும் பின்னுமாக; துகள் வளைவதோ இடமும் வலமுமாக. ஒன்றை ஒன்று தொடவில்லை. ஹீட்டர்காரர் சொன்னது சரி, இருக்காதார் சொன்னது தப்பு, பாசிட்ரான்களுக்கு ஒரு கேடும் இல்லை. நல்ல காலம் என்பது சில சமயம் இப்படித் திசை பார்த்து வந்து காப்பாற்றுகிறது.

பிறகு அறையே கலகலப்பானது. நாற்காலிகள் இழுபட்டன. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இருக்காதார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போய் ஹீட்டர்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்க சொன்னீங்க. நான் கேக்கலை. மன்னிச்சுக்கங்க” என்றார். அந்த மனிதர் கூச்சத்தில் நெளிந்து, “அதான் ஒண்ணும் ஆகலையே சார், விடுங்க” என்று கையை உருவிக்கொண்டார். தலைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “இதுக்காக எலிதான்னு நான் ஒத்துக்குவேன்னு நினைக்காத” என்றார்.

“ஒத்துக்க வேண்டாம். நாளைக்குச் சண்டை போடலாம்.”

“சத்தமாவது நிஜம்தானே?”

“நிஜம்தான்” என்றார். இந்தத் தடவை ‘இருக்கலாம்’ என்று இறங்கவில்லை. தலைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சண்டைக்கு ஆள் மிஞ்சியதில் அவருக்கும் நிம்மதிதான்.

மனைவிக்குப் போன் செய்தார். வேனில் பிள்ளைகள் கத்துகிற சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னது எவ்வளவு கேட்டதோ தெரியாது. “அப்ப ராத்திரி தூங்குவீங்கல்ல?” என்ற குரல் மட்டும் அறை முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நாற்காலிகளை நேராக்கிவிட்டு, சுவரில் படம் காட்டும் இயந்திரத்தை அணைக்கப் போனார் தலைவி. “அந்த முதல் படத்தை மறுபடி போடு. கொஞ்ச நேரம் இருக்கட்டும்” என்றார் இவர்.

சுவருக்குப் பக்கத்தில் போனார். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த அந்த இரண்டு மேடுகளின் மேல், காய்ச்சல் விட்ட பிள்ளையின் கழுத்தில் வைத்துப் பார்ப்பதுபோல், புறங்கையை வைத்தார். வெளிச்சம் அவர் விரல்களின் மேல் சிவப்பாகவும் நீலமாகவும் விழுந்தது. தலைவி ஸ்விட்சில் கையை வைத்தபடி காத்திருந்தார். இருக்காதார் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.